படப்பிடிப்புக் கருவிகளுக்கு எந்தத் தள்ளுவண்டி வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. சேலத்தில் சிறிய வீடியோ குழு நடத்துகிறோம். கேமராப் பெட்டிகள், முக்காலிகள், விளக்குத் தாங்கிகள், மணல் மூட்டைகள் எல்லாம் சேர்ந்தால் 80 கிலோவைத் தாண்டிவிடும். கல்யாண மண்டபத்தின் வழவழப்பான தரையில் எந்த வண்டியும் ஓடும். தொல்லை ஏற்காட்டில்தான். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எங்கள் ஆம்னி எப்படியோ ஏறிவிடுகிறது. காப்பித் தோட்டத்துச் சரளைப் பாதையில் இறங்கியதும் ஆளுக்கு இரண்டு பெட்டி சுமக்க வேண்டியிருக்கிறது.

கடைகளில் விற்கும் இரும்பு டிராலி உறுதியானதுதான். ஆனால் அதன் சின்னச் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் முட்டி நிற்கிறது. அந்த அதிர்வு முழுவதும் லென்சுக்குப் போகிறது. துணித்தொட்டி வைத்த மடக்கு வண்டியில் முக்காலி நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ராக் என் ரோலர் வகை வண்டி மீது கண் இருக்கிறது. விலைதான் பயமுறுத்துகிறது.

காற்றடைத்த டயர் அதிர்வைத் தாங்கும், முள் குத்தினால் அன்றைய வேலை போச்சு. கெட்டி ரப்பர் சக்கரம் வைத்து மலையில் ஓட்டியவர்கள் உண்டா? சரிவில் நிறுத்த பிரேக் எப்படி? உள்ளூர் வெல்டிங் பட்டறையில் மடக்கும்படி செய்து வாங்கியவர்கள் இருந்தால் அளவும் செலவும் சொல்லுங்கள். ஏற்காட்டின் கிளியூர் அருவிக்கு யோசனை வேண்டாம். அந்தப் படிகளுக்குத் தோள்தான் வண்டி.