கரட்டில் கிடைத்த மண்டை ஓடு: வெள்ளாடா, செம்மறியா, மானா?

அறிவியல்_டீச்சர்:
வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கரட்டடியில் கிடந்த ஒரு மண்டை ஓட்டைத் துண்டில் சுற்றி எடுத்து வந்துவிட்டார்கள். வெயிலில் காய்ந்து நன்றாக வெளுத்திருக்கிறது, சதை ஒட்டவில்லை, நாற்றமும் இல்லை. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளம். மேல்தாடையில் முன்பற்களே இல்லை, உடைந்த தடமும் தெரியவில்லை. கீழ்த்தாடை இடது பாதி மட்டும்தான் கிடைத்தது, நடுவில் முறிந்துவிட்டதோ? ஒரு கொம்பைத் தொட்டதுமே கழன்று கையோடு வந்தது, பார்த்தால் உள்ளே இன்னொரு கொம்பு மாதிரி எலும்பு நிற்கிறது. ஒரு பையன் இது மான்தான் என்று அடித்துச் சொல்கிறான். எப்படிக் கண்டுபிடிப்பது? பள்ளியில் வைத்துக்கொள்ளலாமா?

கால்நடை_மாணவன்:
டீச்சர், முதலில் மான் பயத்தை விட்டுவிடுங்கள். புள்ளிமான், கடமான் கொம்பு முழுக்க எலும்பு, கிளை பிரிந்து வளரும், விழுந்து திரும்ப முளைக்கும், அதற்கு மேல் கழற்றுகிற மாதிரி உறை கிடையாது. உறை தனியாகக் கழன்று வந்தாலே அது ஆடு, மாடு வகையறா. வெளிமானுக்கும் அப்படி உறை உண்டு, ஆனால் அது முறுக்கிக்கொண்டு வளையம் வளையமாக இருக்கும், ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மான் என்று உறுதியானால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தானாக உதிர்ந்த மான்கொம்பைக்கூட நாம் வைத்துக்கொள்ளக் கூடாது.

பல் உடையவில்லை. அசைபோடுகிற ஆடு, மாடு எதற்குமே மேலே முன்பல் கிடையாது, அந்த இடத்தில் கெட்டியான ஈறுதான் இருக்கும், கீழ்ப்பல்லை அதில் அழுத்தித்தான் புல்லை அறுக்கும். செத்த பிறகு ஈறு போய்விடுவதால் வெறும் எலும்பு தெரிகிறது. தாடையும் முறிந்திருக்காது. நம் தாடை குழந்தையிலேயே நடுவில் ஒட்டிக்கொள்ளும், ஆட்டுக்கு அது முழுசாக எலும்பாக ஒட்டுவதில்லை. சதை போனதும் இரண்டாகப் பிரிந்துவிடும். முன்முனையைத் தடவிப் பாருங்கள், முறிந்த கூர்மை இருக்காது, சொரசொரவென்று இருக்கும்.

கிடைக்காரர்:
எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஆடு மேய்க்கிறோம். கொம்பு உச்சியிலிருந்து எழும்பி பின்னால் சாய்ந்தால் வெள்ளாடு, பக்கவாட்டில் போய்ச் சுருண்டால் செம்மறி. ஆனால் கொம்பில்லாத செம்மறியும் நிறைய உண்டு, மேச்சேரி ஆட்டைப் பாருங்கள். அதனால் கொம்பை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளே இருக்கிற எலும்பு சும்மா கிடையாது, வளர்ந்த ஆட்டில் நெற்றிக்குள் இருக்கும் காற்றறை அதற்குள்ளும் போகும். எங்கள் கிடாய் ஒன்று பாறையில் மோதி அடியோடு கொம்பை முறித்தபோது மூக்கு வழியாக ரத்தம் வந்தது, அன்றைக்குத்தான் அந்த வழி இருப்பதே எனக்குத் தெரிந்தது. ஈ மொய்க்காமல் துணி கட்டி வைத்துக் காப்பாற்றினோம்.

கால்நடை_மாணவன்:
அண்ணன் சொன்னது சரி. கொம்பைவிட நம்பகமான அடையாளம் கண்குழிக்கு முன்னால் இருக்கிறது. செம்மறிக்குக் கண்ணுக்குக் கீழே ஒரு சுரப்பி உண்டு, அது உட்காரும் பள்ளம் கண்ணீர் எலும்பில் பதிந்திருக்கும், சுண்டுவிரல் நுனியை வைத்தால் அமுங்கும். வெள்ளாட்டுக்கு அந்த இடம் பள்ளமில்லாமல் போகும். அப்புறம் கண்குழியைச் சுற்றி எலும்பு முழு வளையமாக இருக்கிறதா பாருங்கள். நாயாக இருந்தால் பின்பக்கம் திறந்திருக்கும்.

அறிவியல்_டீச்சர்:
பிள்ளைகளை வைத்தே பார்த்துவிட்டேன். வளையம் முழுசு. விரலுக்குப் பள்ளம் அகப்படவில்லை. கொம்பு பின்னால் சாய்ந்துதான் நிற்கிறது. மூக்கு ஓட்டைக்குள் டார்ச் அடித்தபோது சுருட்டிய காகிதம் மாதிரி மெல்லிய எலும்புகள் தெரிந்தன, வகுப்பே முண்டியடித்தது! தாடைப் பாதியில் முன்பல் இரண்டு அகலமாக, இரண்டு சின்னதாக இருக்கின்றன. வயது சொல்ல முடியுமா?

கிடைக்காரர்:
அப்படியானால் வெள்ளாடுதான் டீச்சர். சின்னது பால்பல், அதைக் கணக்கில் எடுக்க மாட்டோம். பால்பல் விழுந்து முளைத்த பெரிசு பாதிக்கு இரண்டு என்றால் மொத்தம் நாலு பல், சுமார் இரண்டு வயது. சந்தையில் இப்படி உதட்டை விலக்கிப் பார்த்துத்தான் விலை பேசுவோம்.

எலும்பு_சேகரிப்பவர்:
சுத்தம் செய்வதற்காகக் கொதிக்க வைக்காதீர்கள், கொழுப்பு எலும்புக்குள் இறங்கிவிடும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், நாளடைவில் எலும்பு சுண்ணாம்பாக உதிரும். பாத்திர சோப்பு கரைத்த தண்ணீரில் சில நாள் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி அலசி, நிழலில் உலர்த்துங்கள். ஆடும் பற்களை ஃபெவிகால் ஒரு சொட்டு விட்டு ஒட்டிவிடலாம். இனிமேல் பிள்ளைகள் எதையாவது பார்த்தால் வெறும் கையால் தொடாமல் வந்து சொல்லச் சொல்லுங்கள். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் செத்த கால்நடையாக இருந்தால் அந்தக் கிருமி மண்ணிலும் எலும்பிலும் பல வருடம் உயிரோடு இருக்கும்.

அறிவியல்_டீச்சர்:
எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவியாயிற்று. நாளை ஊற வைக்கிறோம். மான் என்று சொன்ன பையனே அட்டை எழுதிவிட்டான்: 'வெள்ளாடு, நாலு பல்.'