தானாக உருவாகும் கோப்புகளில் மேர்ஜ் கொன்ஃப்ளிக்ட்: எங்கள் அனுபவம்

உப்புவெளியில் இருந்து இயங்கும் எங்கள் சிறிய குழு, நிலாவெளியிலிருந்து புறாமலைக்குச் செல்லும் படகுகளுக்கான முன்பதிவுச் செயலியை ஃபிளட்டர் என்ற செயலி உருவாக்கும் கருவியில் எழுதி வருகிறது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழி வாசகங்களும் ஏ.ஆர்.பி. எனும் வாசகக் கோப்புகளில் இருக்கின்றன, அவற்றைக் கொண்டு ஃபிளட்டரின் ஜென்-எல்10என் கட்டளை டார்ட் மொழி நிரல் கோப்புகளை உருவாக்குகிறது. அந்த டார்ட் கோப்புகளும், நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் இருப்பதால், சுற்றுலாப் பருவத்துக்கு முன்னர் எல்லோரும் வாசகங்களை மாற்றும் வாரங்களில், ஒருவரது மாற்றங்களை மற்றவருடையதோடு இணைக்கும் மேர்ஜின்போதெல்லாம், ஒரே இடத்தை இருவர் மாற்றியதால் கிட்டால் முடிவெடுக்க முடியாத கொன்ஃப்ளிக்ட் வந்துகொண்டே இருந்தது.

ஒருமுறை, குழுவில் ஒருவர் டார்ட் கோப்பையே திறந்து, கொன்ஃப்ளிக்ட் உள்ள இடத்தைக் காட்ட கிட் இட்ட குறிகளுக்கு நடுவே இருந்த வரிகளைக் கையால் பொறுக்கிச் சேர்த்தார். கம்பைல் ஆனது, செயலியும் ஓடியது. ஆனால் படகுக் கட்டணம் பற்றிய வாசகம் ஏ.ஆர்.பி. கோப்பில் புதியதாகவும் டார்ட் கோப்பில் பழையதாகவும் நின்றுவிட்டது. பின்னர் வேறொரு வேலைக்காகக் கட்டளையை ஓட்டியபோது அந்த வரியும் புதுப்பிக்கப்பட, தன் மாற்றங்களைப் பதிவு (கமிட்) செய்த தம்பி, "அக்கா, நான் தொடாத வரி என்ர கமிட்டில எப்படி வந்தது?" என்று திகைத்துக் கேட்டார்.

அன்று முதல் மூலக் கோப்பை மட்டுமே கையால் தீர்க்கிறோம். ஏ.ஆர்.பி. கோப்பின் கடைசியில் இருவர் ஆளுக்கொரு வாசகம் சேர்த்திருந்தால், பெரும்பாலும் இரண்டும் வேண்டும். இடையில் காற்புள்ளி விடுபடாமல் பார்த்தால் போதும். டார்ட் கோப்பில் ஏதாவதொரு பக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, கட்டளையை மீண்டும் ஓட்டி, வந்ததைக் கமிட் செய்கிறோம். ரீபேஸின்போது, அதாவது நம் கமிட்டுகளை வேறொரு பிரான்ச்சின் (தனி வேலைக்கிளையின்) மேல் மீண்டும் அடுக்கும்போது, நம் பக்கம், அவர்கள் பக்கம் என்று கிட் சொல்லும் 'அவர்ஸ்', 'தேர்ஸ்' இரண்டும் இடம் மாறிவிடும் என்றாலும், கோப்பு மறுபடி உருவாகப்போவதால் அந்தக் குழப்பம் இங்கே பாதிப்பதில்லை.

எந்தக் கோப்பை எப்படிக் கையாள வேண்டும் என்று கிட்டுக்குச் சொல்லும் கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில், டார்ட் கோப்புகளின் பெயருக்கு எதிரே, கழித்தல் குறியை முன்னால் இட்டு மேர்ஜ் என்றும் எழுதி வைத்தோம். இருபுறமும் மாறியிருந்தால், கிட் நம் பிரான்ச்சில் உள்ள வடிவத்தையே வைத்துக்கொண்டு, குறிகள் எதையும் இடாமல், கொன்ஃப்ளிக்ட் என்று மட்டும் நிறுத்தும். சத்தமில்லாமல் ஒரு பக்கத்தை ஏற்கும் அமைப்பைவிட இதுவே நல்லது என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் மீண்டும் உருவாக்க வேண்டும் என்பதை அந்த நிறுத்தம் நினைவூட்டுகிறது.

லாக் கோப்பை மட்டும் இவற்றோடு சேர்க்காதீர்கள். பப்ஸ்பெக் லாக் கோப்பும் தானாக உருவாவதுதான். ஆயினும் எந்தப் பேக்கேஜின் (நாம் பயன்படுத்தும் வெளி நிரல்தொகுப்பின்) எந்தப் பதிப்பு என்ற முடிவு அதற்குள் இருக்கிறது. அதை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினால், யாரும் கேட்காத புதிய பதிப்புகள் உள்ளே வந்துவிடக்கூடும். அதனால் பிரதான பிரான்ச்சில் உள்ளதை எடுத்து, அதன் மேல், பேக்கேஜ்களைப் பெற்றுத்தரும் பப் கெட் கட்டளையை ஓட்டுகிறோம். மாறிய பதிப்புகளை மறுஆய்வில் வரிவரியாகப் பார்க்கிறோம்.