மழைக்காலத்துக்குக் குடிதண்ணி சேர்த்து வைப்பது: எவ்வளவு, எதில், எப்படி?

மீனாட்சிபுரம் வாசி:

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். வீடு திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில், ஆற்றுக்குப் பக்கம். தரைத்தளமும் மாடியில் சின்னதாக ஒரு அறையும் உண்டு. 6 பேர் இருக்கோம். அம்மாவுக்குத் தினமும் இன்சுலின், ஒரு கைக்குழந்தை. தரைக்கடியில் 4,000 லிட்டர் சம்ப், மொட்டை மாடியில் 1,000 லிட்டர் டேங்க், அடுப்படியில் ஆர்.ஓ. மெஷின்.

2023 டிசம்பர் 17, 18-ல் வந்தது போல ஒரு வெள்ளம் வந்து ஒரு வாரம் குழாயில் தண்ணி இல்லை என்றால் எப்படிச் சமாளிப்பது? ஐப்பசி பிறக்கும் முன்னே ஏற்பாடு செய்துவிட நினைக்கிறேன். எத்தனை லிட்டர் வேண்டும்? 20 லிட்டர் கேன் ஏழெட்டு வாங்கி அடுக்கினால் போதுமா? சம்பில் 4,000 லிட்டர் கிடக்கும்போது தனியாகச் சேர்க்கத்தான் வேண்டுமா? பிளீச்சிங் பவுடரை வீட்டிலேயே கலக்கலாமா, அளவு என்ன?

கருப்பந்துறை:

தம்பி, முதலில் சம்பை மறந்துவிடுங்கள். தெருவில் முழங்கால் அளவு தண்ணி நின்றால் சாக்கடையும் செப்டிக் டேங்கும் அதில் கலந்துதான் நிற்கும். சம்ப் மூடி இறுக்கமாக இருந்தாலும் மூடி விளிம்பு, குழாய் நுழையும் ஓட்டை, சுவர் வெடிப்பு வழியாக அது உள்ளே இறங்கிவிடும். பார்க்கத் தெளிவாக இருக்கிறதே என்று மோட்டாரைப் போட்டால் மேல்டேங்க்கும் கெட்டது, வீட்டுக் குழாய் எல்லாமும் கெட்டது. வெள்ளம் ஏறிய சம்பை முழுசாக இறைத்து, சகதியை அள்ளி, பிளீச்சிங் தண்ணி விட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் மறுபடி நிரப்ப வேண்டும்.

சிவப்பு எச்சரிக்கை வந்த அன்றே, கரண்ட் இருக்கும்போதே, மேல்டேங்க்கை நிரப்பிவிடுங்கள். அடுத்து, தெருக் குழாயிலிருந்து வீட்டுக்குள் வரும் கேட் வால்வை அடையுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். மெயின் லைனில் அழுத்தம் இல்லாதபோது குழாய் வெடிப்புகள் வழியாக வெளித்தண்ணி உள்ளே உறிஞ்சப்படும். சப்ளை திரும்பி முதலில் வருவது அந்தக் கலங்கல்தான். அதை வாசல் குழாயில் திறந்து ஓடவிட்டு, தெளிந்து, குளோரின் வாசம் வந்த பிறகு உள்ளே எடுங்கள்.

நம்ம ஊருக்குத் தண்ணி தாமிரபரணிப் படுகையில் உள்ள உறைகிணறுகளிலிருந்து ஏறி வருகிறது. ஆறு பெருகினால் முதலில் அடிவாங்குவது அந்தக் கிணறும் மோட்டார் அறையும் குழாயும்தான். ஆறு வடிந்தாலும் மோட்டாரைக் கழற்றி உலர்த்தி, உடைந்த குழாயை ஒட்டி, கரண்ட் கொடுத்தால்தான் தண்ணி. அதனால் வெள்ளமே எட்டிப் பார்க்காத பாளையங்கோட்டை மேட்டுத் தெருவுக்கும் இந்தச் சேமிப்பு வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய ஊர்ப்பக்கம் நம்முடையது. அதற்குத் தயாராக இருப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அளவு: குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர். 6 பேர், 7 நாள் என்றால் 168. குழந்தைப் பால் பாத்திரம் கழுவுவதையும் சேர்த்து 180 என்று வையுங்கள், அதாவது 9 கேன். குளிக்க, கக்கூஸுக்கு எல்லாம் இதில் கை வைக்கக் கூடாது, அதற்கு மேல்டேங்க் தண்ணி.

எல்லாமே 20 லிட்டர் கேனாக வேண்டாம். அது 20 கிலோ, இருட்டில் மாடிப்படி ஏற்ற முடியாது. பாதியை 10 லிட்டர் கேனில் வையுங்கள். வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தால் தூக்கிக்கொண்டு போக 1 லிட்டர் பாட்டில் ஒரு டஜன் தனியே இருக்கட்டும்.

கடையில் வாங்கும் கேனில் ஐ.எஸ். 14543 முத்திரையும் நிரப்பிய தேதியும் இருக்கிறதா, சீல் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்களே நிரப்புவதானால் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்ட, குறுகிய வாய் வைத்த, திருகுமூடிக் கேன். பூச்சிமருந்து, பெயின்ட், ஆசிட் வந்த கேனை எத்தனை தடவை கழுவினாலும் தொடாதீர்கள். எண்ணெய் டின்னும் சரிப்படாது, கசடு போகவே போகாது.

டேங்க் வேலை:

கருப்பந்துறை அண்ணாச்சி சொன்னது சரி. நான் டேங்க், பாரம் பத்திச் சொல்லுதேன்.

9 கேனையும் அடுப்படிப் பரண் மேல ஏத்திராதீங்க. 180 கிலோ. கடப்பைக்கல் பரண் அதைத் தாங்கத்தான் போட்டதுன்னு யாரும் சொல்ல முடியாது, நடுவுல வெடிச்சு கேனோட தலையில இறங்கும். உங்களுக்கு மாடி அறை இருக்கு, அங்கன சுவரோரமாத் தரையில வைங்க. ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டுக்கு மேல அடுக்காதீங்க. அடிக்கேன் நசுங்கி மூடி வழியாக் கசியும். கீழ ஒரு பலகை போட்டு வச்சா எது ஒழுகுதுன்னு உடனே தெரியும். சன்னல் வெயில் படக்கூடாது, வெயில் பட்டா பாசி புடிக்கும். பெட்ரோல், மண்ணெண்ணெய், பூச்சிமருந்து வச்ச அறையிலயும் வேண்டாம். மூடி இறுக்கமா இருந்தாலும் அந்த வாசம் பிளாஸ்டிக் வழியா தண்ணிக்குள்ள போயிரும்.

மேல்டேங்க்க நிரப்பச் சொல்லுறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. காலி டேங்க் காத்துக்குப் புரண்டுரும், குழாயும் முறிஞ்சிரும். கீழ தரையில காலி டிரம், டேங்க் கிடந்தா மிதந்து போய்ச் சுவத்துல மோதும். அதையும் நிரப்பியே வைங்க.

டேங்க்ல இருந்து தண்ணி வீட்டுக்குள்ள இறங்குற குழாய்ல ஒரு வால்வு போட்டுக்கிடுங்க. மழை தொடங்கினதும் பாதி அடைச்சு வச்சா ஆளுக்கு ஒரு குழாயைத் திறந்து விட்டுட்டுப் போற சேதாரம் கொறையும். கீசர் இருந்தா அதுக்குள்ளயும் 15, 25 லிட்டர் கெடக்கும். முதல்ல மெயின் சுவிட்ச அணைக்கணும், தண்ணி ஆறணும், பொறவுதான் அடிக்குழாயக் கழட்டிப் பிடிக்கணும்.

மழைத் தண்ணியை விட்டுராதீங்க. 100 சதுர அடி மாடியில 1 சென்டிமீட்டர் மழை பெஞ்சா கிட்டத்தட்ட 90 லிட்டர். முதல் அரைமணி நேர மழையத் தளம் கழுவ விட்டுட்டு, பொறவு வடிகுழாய்க்குக் கீழ டிரம்ம வைங்க. கழுவ, கக்கூஸுக்கு அதே போதும். சுத்தமான தார்ப்பாயக் கட்டிப் புடிச்ச தண்ணின்னா கொதிக்க வச்சுக் குடிக்கவும் எடுத்துக்கிடலாம்.

தாமிரபரணிக்கரை அக்கா:

பிளீச்சிங் பவுடர் கேள்விக்கு வருகிறேன். கலக்கலாம், ஆனால் தூளை நேராகக் குடிதண்ணியில் போடக் கூடாது. சுண்ணாம்பு அடியில் தங்கும், அளவும் கைக்கு வராது. முதலில் ஒரு கரைசல் செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நல்ல பவுடரில் குளோரின் சுமார் 33 சதவீதம் இருக்கும். அது வெள்ளையாக, உதிரியாக, மூக்கைத் துளைக்கும். கட்டி தட்டி, ஈரம் கோத்து, வாசமே இல்லை என்றால் அதில் சத்து போய்விட்டது. தெருவோரம் தூவுவதற்குச் சுண்ணாம்பு கலந்து வைத்ததும் உதவாது. வாங்கியதை இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், இருட்டில் வையுங்கள். தகர டப்பா அரித்துவிடும். கழிவறை ஆசிட், பேட்டரித் தண்ணி, மண்ணெண்ணெய் எதுவும் பக்கத்தில் வேண்டாம். ஆசிட்டோடு கலந்தால் வரும் வாயு மூச்சை அடைக்கும்.

30 கிராம் தூளைப் பிளாஸ்டிக் குவளையில் கொஞ்சம் தண்ணி விட்டுக் கூழாகக் குழைத்து, 1 லிட்டர் வரை தண்ணி சேர்த்துக் கலக்குங்கள். திறந்த வெளியில், முகத்தைக் குனியாமல் செய்யுங்கள். கால்மணி நேரத்தில் சுண்ணாம்பு அடியில் படியும். தெளிந்ததை மட்டும் நிறமுள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்து, பெயரும் தேதியும் எழுதிக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். இது 1 சதவீதக் கரைசல். ஒரு வாரத்துக்கு மேல் வீரியம் நிற்காது, புதிதாகச் செய்துகொள்ள வேண்டும்.

20 லிட்டர் தெளிந்த தண்ணிக்கு இதில் 4 மில்லி. ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்தால் தப்பு வராது. நன்றாகக் கலக்கி மூடி அரைமணி நேரம் விட்டு முகர்ந்து பாருங்கள். லேசாகக் குளோரின் வாசம் இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணியில் இருந்த அழுக்கே மருந்தைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். இன்னொரு 4 மில்லி விட்டு மறுபடி அரைமணி நேரம் பொறுங்கள். அப்போதும் வாசம் இல்லை என்றால் அந்தத் தண்ணி குடிக்க வேண்டாம்.

கலங்கல் தண்ணியானால் வரிசை மாறவே கூடாது. முதலில் வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டுங்கள். பிறகு சீனிக்காரம் (படிகாரம்), 20 லிட்டருக்கு 1 கிராம் அளவு. கட்டியைத் தண்ணிக்குள் சில சுற்றுச் சுற்றி எடுத்தால் போதும். அடியில் படிந்ததும் மேல்தெளிவை வேறு குடத்துக்கு மாற்றி, கடைசியில்தான் குளோரின். கலங்கலிலேயே குளோரினை விட்டால் மருந்து மண்ணுக்குத்தான் போகும், கிருமிக்குப் போகாது. பூச்சிமருந்து, டீசல் கலந்த தண்ணியை இந்த முறை எதுவும் சரிசெய்யாது, கொதிக்க வைத்தாலும் சரியாகாது.

கேனை நிரப்பும் முன் சோப்புத் தண்ணியில் கழுவி, 1 லிட்டர் தண்ணிக்கு இதே கரைசல் 25 மில்லி விட்டு உள்ளே ஊற்றி, கழுத்து, மூடி எல்லாம் நனையக் குலுக்கிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டுங்கள். பிறகு நல்ல தண்ணியில் அலசி நிரப்புங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டுத் தம்ளரை உள்ளே விட்டு மொண்டால் எல்லாம் வீண். சேமித்த தண்ணி பெரும்பாலும் கெடுவது கையால்தான். சாய்த்து ஊற்றுங்கள், இல்லையென்றால் குழாய் வைத்த கேன் ஒன்று வாங்கி அதில் மாற்றிக் குடியுங்கள்.

மீனாட்சிபுரம் வாசி:

ரொம்ப நன்றி அக்கா. கேனில் ஆர்.ஓ. தண்ணியைப் பிடித்து வைக்கலாமா? இன்சுலின், குழந்தைப் பால், கேஸ் இதுக்கெல்லாம் என்ன செய்வது? அம்மா செம்புத் தவலையில்தான் தண்ணி வைக்க வேண்டும் என்கிறார்கள்.

தாமிரபரணிக்கரை அக்கா:

ஆர்.ஓ. தண்ணியில் குளோரின் மிச்சம் இருக்காது. நாள்பட வைக்கக் குழாய்த் தண்ணிதான் நல்லது, வாசம் இருக்கும் தண்ணியாகப் பிடியுங்கள். கரண்ட் போனால் மெஷினும் ஓடாது, அதை மறந்துவிடாதீர்கள். புரட்டாசிக் கடைசியில் நிரப்பி வைத்தால் தை பிறந்ததும் செடிக்கு ஊற்றிவிடலாம். வருஷம் முழுக்கக் காவல் காக்க வேண்டியதில்லை.

செம்புத் தவலையில் அன்றாடத் தண்ணி வைக்கட்டும், அம்மா மனசு நோக வேண்டாம். குளோரின் போட்டதை மட்டும் அதில் ஊற்றி வைக்காதீர்கள். உலோகம் மருந்தை இழுத்துவிடும், பாத்திரமும் கறுக்கும்.

இன்சுலினைப் பொறுத்தவரை, உபயோகத்தில் இருக்கும் பாட்டில் 30 டிகிரிக்குள் சுமார் 4 வாரம் தாங்கும். சரியான நாள்கணக்கு அட்டையில் போட்டிருக்கும், பாருங்கள். ஒரு மண்சட்டிக்குள் ஈரமணல் போட்டு, நடுவில் சின்னச் சட்டி வைத்து, அதற்குள் உலர்ந்த டப்பாவில் மருந்தை வைத்து ஈரத்துணியால் மூடுங்கள். ஐஸ் மேல் வைக்கக் கூடாது. உறைந்துபோன இன்சுலினைத் தூரப் போட வேண்டியதுதான். மாத்திரை, ஊசி இரண்டு வாரத்துக்குக் கையிருப்பு வேண்டும். சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடான நாளில் சர்க்கரை இறங்கிவிடும் ஆபத்து உண்டு, அம்மா கையெட்டும் இடத்தில் சீனியோ கருப்பட்டியோ இருக்கட்டும். சாப்பாடு குறைந்தால் டோஸ் எப்படி என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

தாய்ப்பால் கொடுத்தால் நிறுத்தாதீர்கள், அதைவிடச் சுத்தமானது இல்லை. பால்பவுடர் என்றால் குளோரின் போட்ட தண்ணியையும் கொதிக்க வைத்தே கலக்க வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்க ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பத்து வாங்கி வையுங்கள். ஒரு பொட்டலத்துக்கு 1 லிட்டர், கலக்கியதை 24 மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும்.

கருப்பந்துறை:

கேஸ் கணக்கு நான் சொல்கிறேன். 20 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 200 முதல் 250 கிராம் கேஸ் ஆகும். கொப்புளம் தளதளவென்று வந்த பிறகு ஒரு நிமிடம் போதும், பத்து நிமிடம் கொதிக்கவிடுவது கேஸுக்குக் கேடு. நாளைக்கு 24 லிட்டரையும் கொதிக்க வைத்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 2 கிலோ. ஆகவே முக்கால் சிலிண்டர் மிச்சம் இருந்தால் சமையலும் சேர்த்துத் தாங்கும். இரண்டாவது சிலிண்டரைச் சங்கிலி போட்டுச் சுவரில் கட்டுங்கள். வீட்டு உபயோக சிலிண்டர் நிறைந்திருந்தாலும் தண்ணியில் மிதக்கும். வெள்ளம் ஏறும் முன் வால்வை மூடி ரெகுலேட்டரைக் கழற்றுங்கள்.

சாப்பாட்டுக்கு அதிகம் தண்ணி கேட்காததாகப் பாருங்கள். அவல், பொரிகடலை, சத்துமாவு, பேரீச்சம்பழம். அரிசிச் சாக்கைத் தரையில் வைக்காமல் மேலே ஏற்றுங்கள். பட்டா, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் ஜிப் கவரில் போட்டு கீழே அரங்கில் (உள்ளறையில்) இல்லாமல் மாடி அறையில் வையுங்கள்.

மேலத்தெரு கிணறு:

வீட்டில் கிணறு உள்ளவர்களுக்காக ஒரு சேர்க்கை. வெள்ளத்தண்ணி உள்ளே இறங்கிய கிணற்றை முதலில் இறைத்து, சகதி எடுத்து, ஊறவிட வேண்டும். பிறகு அளவு: விட்டத்தை விட்டத்தாலே பெருக்கி, தண்ணி ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்கினால் லிட்டர் வரும், மீட்டரில் அளந்தால். 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணி என்றால் சுமார் 28,000 லிட்டர். சாதாரணமாக 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர், வெள்ளத்துக்குப் பிறகு 5 கிராம். இந்தக் கிணற்றுக்கு 140 கிராம். வாளியில் கூழாக்கி, தண்ணி சேர்த்துப் பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் எடுத்துக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழுமாக நன்றாக ஆட்டுங்கள். சுண்ணாம்பு வண்டலை உள்ளே கொட்டக் கூடாது, தண்ணி கடினமாகும். ஒரு மணி நேரம் கட்டாயம். ராத்திரி போட்டு விடியற்காலை இறைப்பது இன்னும் நல்லது.

இறைக்கும்போது கிணற்றுக்குள் ஆளை இறக்குவதானால் ஒரு வாளியில் எரியும் விளக்கை முதலில் இறக்கிப் பாருங்கள். அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. அணையாவிட்டாலும் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர். டீசல் மோட்டாரை உள்ளே இறக்கி ஓட்டவே கூடாது, அதன் புகை ஆளைக் கொன்றுவிடும்.

டேங்க் வேலை:

தம்பி, கேன் வாங்குறதா இருந்தா புரட்டாசியிலயே வாங்கிருங்க. எச்சரிக்கை வந்த அன்னைக்குக் கடையில ஒண்ணு மிஞ்சாது. உதவி வேணும்னா மாவட்டத்துக்கு 1077, மாநிலத்துக்கு 1070. சுவத்துல எழுதி ஒட்டி வைங்க, போன்ல சார்ஜ் போனா அந்த நம்பரும் அதோடயே போயிரும்.