மறுமொழி: ‘பிளாக் டைம்’ தமிழில்

எல்லாருக்கும் வணக்கம்.

விமானப் பயண நேரத்தைக் குறிக்கிற ‘பிளாக் டைம்’ (block time) என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று தம்பி கேட்டிருந்தார். அதற்கு முதலில் வந்த சொல் ‘தொகுதி நேரம்’. அது வேண்டாம். இங்கே பிளாக் என்பது தொகுதி அல்ல, விமானம் நிற்கும்போது சில்லுக்கு முன்னும் பின்னும் வைக்கிற கட்டை. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் ஜன்னலோரம் இருந்து பார்த்திருக்கிறேன். ஒருவர் குனிந்து, கயிற்றைப் பிடித்து இழுத்து, இரண்டு கட்டைகளையும் கையில் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார். பிறகுதான் விமானம் அசைந்தது. அந்த அசைவிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் முற்றாகத் தரிக்கும் வரைக்குமான நேரம்தான் பிளாக் டைம்.

அக்கா சொன்ன ‘கட்டை நேரம்’ பொருளுக்குக் கிட்ட வருகிறது. ஆனால் எங்கள் ஊரில் கட்டை என்றால் மைல். யாழ்ப்பாணத்திலிருந்து பலாலி பத்துக் கட்டை என்றுதான் அப்பு காலத்திலிருந்து சொல்கிறோம். தூரத்தைக் குறிக்கிற சொல்லையே நேரத்துக்கும் வைத்தால், தூரமும் நேரமும் பக்கத்தில் பக்கத்தில் வரும் அட்டவணையில் வாசிப்பவர் தடுமாறிப் போவார்.

என் பரிந்துரை ‘தரிப்பிடை நேரம்’. பஸ் தரிப்பிடம் என்று நாளும் பொழுதும் சொல்கிறோமே, அதே தரிப்பு. ஒரு தரிப்புக்கும் அடுத்த தரிப்புக்கும் இடைப்பட்ட நேரம். சில்லு நிலத்தை விட்டு எழும்பியதிலிருந்து மறுபடி நிலத்தில் முட்டும் வரையுள்ள நேரத்துக்கு மட்டும் ‘பறப்பு நேரம்’ என்பதை வைத்துக்கொள்ளலாம்.

இந்த வேறுபாடு முக்கியம். பலாலிக்கும் சென்னைக்கும் வான்வழியில் சுமார் 355 கிலோமீற்றர். இந்த வழியில் பறக்கிற ‘ஏ.டி.ஆர். 72’ என்ற விமானம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் போகக்கூடியது. கணக்குப் போட்டால் முக்கால் மணி நேரம்கூட வராது. டிக்கெட்டிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மெல்ல ஏறுவது, இறங்க முறை வரும் வரை சுற்றுவது, இறங்கிய பின் தரிப்பிடம் தேடிப் போவது எல்லாம் அதற்குள் அடங்கும். அதைப் ‘பறப்பு நேரம்’ என்று எழுதினால் பிழை.

இன்னொரு சிக்கலும் உண்டு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வரையறையில் ‘பிளைட் டைம்’ என்பதே அசைவிலிருந்து ஓய்வு வரைக்குமான நேரம்தான். ஆகவே அந்த ஆவணங்களை மொழிபெயர்ப்பவர்கள் பிளைட் என்ற சொல்லைப் பார்த்ததும் பறப்பு என்று போட்டுவிடக் கூடாது. அங்கேயும் தரிப்பிடை நேரம்தான் சரி.

தூரத்துக்கு ‘பெருவட்டத் தூரம்’ போதும்; அதாவது பூமி உருண்டையின் மேல் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழியின் தூரம். பலாலியும் சென்னையும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில், 80 பாகை கிழக்கை ஒட்டி இருப்பதால், தட்டையான வரைபடத்தில் கோடு போட்டாலும் இந்த வழி பெரிதாக மாறாது.

‘தரிப்பிடை நேரம்’ என்பதில் ஒரு குறை இருக்கிறது. உலங்குவானூர்திக்கு (ஹெலிகொப்டர்) விசிறி சுழலத் தொடங்கியதிலிருந்து அது நிற்கும் வரை கணக்கு. அசையாமல் நிற்கும்போதே நேரம் ஓடத் தொடங்கிவிடும். அதற்குத் தரிப்பிடை பொருந்தாது. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.