போர்டில் 18 கார்டு, முடிந்தது 2: எங்கள் டீமில் என்ன மாற்றினோம்

தொடங்கியவர்:

எங்கள் சாஃப்ட்வேர் டீமில் எட்டுப் பேர், இரண்டு வார ஸ்பிரின்ட் (இவ்வளவு முடிப்போம் என்று திட்டமிட்டு வேலை செய்யும் சுற்று). ஒவ்வொரு வேலையும் போர்டில் ஒரு கார்டு, முடிய முடிய வலது பக்கம் நகரும். ஒரு ஸ்பிரின்ட்டின் ஏழாவது நாள், ஸ்டாண்ட்அப் (தினசரிக் குறுங்கூட்டம்) முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு போர்டை எண்ணிப் பார்த்தேன். 'இன் ப்ராக்ரஸ்' 11, ரிவ்யூ (எழுதிய கோடை இன்னொருவர் பார்ப்பது) 4, டெஸ்டிங் 3. 'டன்' என்பதன் கீழே 2. ஒருவரும் சும்மா இருக்கவில்லை, சிலர் இரவும் உட்கார்ந்திருந்தார்கள். அப்படியும் பயனாளர் கைக்குக் கொடுக்கக்கூடியது இரண்டுதான்.

அன்று ஸ்டாண்ட்அப்பில் நடந்ததை மறுபடி யோசித்தேன். ஒவ்வொருவராக "நேற்று இந்த ஸ்கிரீன் பார்த்தேன், இன்றும் அதேதான், பிளாக்கர் (தடை) எதுவும் இல்லை" என்று மேனேஜரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனோம். அதே நேரத்தில் ஒரு கார்டு நான்கு நாளாக ரிவ்யூவில் கிடந்தது. அதை எழுதியவர் ரிவ்யூ கேட்டுவிட்டு அடுத்த கார்டை எடுத்துவிட்டார். பார்க்க வேண்டியவரோ தன் கார்டில் மூழ்கியிருந்தார். இரண்டு பேரும் பிளாக்கர் இல்லை என்று சொன்னது உண்மைதான். அந்தக் கார்டுக்காகப் பேச அங்கே யாரும் இல்லை.

மறுநாளிலிருந்து ஆள் ஆளாகக் கேட்பதை விட்டுவிட்டு, போர்டின் வலது ஓரத்திலிருந்து கார்டு கார்டாகப் பேச ஆரம்பித்தோம். முடிவுக்கு மிக அருகில் இருப்பது எது, அது இன்று முடிய என்ன வேண்டும், யார் கை கொடுக்கிறீர்கள்? அவ்வளவுதான். அந்த நான்கு நாள் கார்டின் ரிவ்யூ அன்று மதியத்துக்குள் முடிந்தது.

'நேற்று, இன்று, தடை' என்ற மூன்று கேள்வியும் கட்டாயம் என்றே நாங்கள் நம்பியிருந்தோம். நாங்கள் பின்பற்றும் ஸ்க்ரம் என்ற வேலைமுறையின் கையேடான ஸ்க்ரம் கைடின் 2020 பதிப்பில் அவை இல்லை. 15 நிமிடத்துக்குள், ஸ்பிரின்ட் இலக்கை நோக்கி எப்படிப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். அதை எப்படி நடத்துவது என்பதை அந்தக் கைடு டெவலப்பர்களிடமே விட்டுவிடுகிறது.

அடுத்ததாக, ஒரே நேரத்தில் எத்தனை கார்டு கையில் இருக்கலாம் என்று எல்லை வைத்தோம். இதற்கு எல்லோரையும் சம்மதிக்க வைத்தது ஒரு சின்னக் கணக்கு. ஜான் லிட்டில் 1961ல் நிரூபித்த விதி அது: கையில் இருக்கும் வேலையை, முடிக்கும் வேகத்தால் வகுத்தால் ஒரு வேலைக்கு ஆகும் சராசரிக் காலம் வரும். நாங்கள் வாரத்துக்குச் சராசரியாக 6 கார்டு முடித்துக்கொண்டிருந்தோம். கையில் 18 இருந்தால் ஒரு கார்டுக்கு மூன்று வாரம். ஸ்பிரின்ட்டே இரண்டு வாரம்தான்! எங்கள் கார்டுகள் ஏன் ஸ்பிரின்ட் தாண்டி வழிந்துகொண்டே இருந்தன என்பது அப்போதுதான் புரிந்தது. வேகம் கொஞ்சமும் கூடாவிட்டாலும், கையில் 9 மட்டும் வைத்தால் ஒன்றரை வாரம். அதனால் இன் ப்ராக்ரஸில் 5, ரிவ்யூவில் 2, டெஸ்டிங்கில் 2 என்று வைத்தோம்.

எழுதும்போது சுலபமாகத் தெரிகிறது. முதல் இரண்டு வாரம் உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. தன் கார்டை முடித்த ஒருவர், புதிது எடுக்க இடம் இல்லாமல், "இப்போது நான் என்ன செய்யட்டும்?" என்று தயங்கி நின்றார். அவர் டெஸ்டரின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு டெஸ்ட் டேட்டா தயார் செய்யத் தொடங்கினார். ஒரு மணி நேரத்தில், தான் எழுதிய கோடில் தேதி தவறாகச் சேமிக்கப்படுவதைத் தானே கண்டுபிடித்து அங்கேயே திருத்தினார். வழக்கமாக அது பக் டிக்கெட்டாகி (பிழைப் பதிவாகி), இரண்டு நாள் கழித்து அவரிடம் திரும்பி வந்திருக்கும்.

இந்த இடத்தில் மேனேஜர்களிடம் ஒரு வேண்டுகோள்: கையில் கார்டு இல்லாத ஆளைப் பார்த்ததும் புதுக் கார்டைக் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் மேனேஜர் பொறுத்துக்கொண்டதால்தான் இது நிலைத்தது.

பதில் (டெஸ்டர்):

இதை மறுபக்கத்திலிருந்து அனுபவித்தவள் நான். முன்பு இருந்த டீமில் ஸ்பிரின்ட்டின் கடைசி இரண்டு நாளில் எல்லாக் கார்டும் என் தலையில் வந்து விழும். ஸ்பிரின்ட் தவறினால் "டெஸ்டிங்கில் நின்றுவிட்டது" என்று ரிப்போர்ட்டில் போகும். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் மனசு வலிக்கும்.

இப்போதைய டீமில் கோட் எழுதும் முன்பே ப்ராடக்ட் ஓனர் (என்ன செய்ய வேண்டும், எது முதலில் என்று முடிவு செய்பவர்), டெவலப்பர், நான் மூன்று பேரும் இருபது நிமிடம் உட்காருகிறோம். 'பாஸ்வேர்ட் மறந்தால் இமெயிலில் லிங்க் போக வேண்டும்' என்று ஒரு கார்டு வந்தது. "லிங்க் எவ்வளவு நேரம் செல்லுபடியாகும்? இரண்டு தடவை கேட்டால் முதல் லிங்க் வேலை செய்யுமா? பதிவே செய்யாத இமெயிலைக் கொடுத்தால் ஸ்கிரீனில் என்ன காட்டுவோம்?" என்று கேட்டேன். ப்ராடக்ட் ஓனர் மூன்றாவது கேள்விக்கு அப்படியே நின்றுவிட்டார். 'இந்த இமெயில் எங்களிடம் இல்லை' என்று காட்டினால், யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்று வெளியாள் தெரிந்துகொள்ள வழியாகிவிடும். மூன்று பதிலையும் உதாரணத்தோடு கார்டிலேயே எழுதினோம். டெஸ்டிங் அரை நாளில் முடிந்தது.

பதில் (ஸ்க்ரம் மாஸ்டர், அதாவது டீம் இந்த முறையில் வேலை செய்ய உதவுபவர்):

இரண்டு விஷயம் சொல்கிறேன். ரெட்ரோவில் (ஸ்பிரின்ட் முடிவில் நடந்ததை அலசும் கூட்டம்) எட்டுப் பத்து முடிவு எழுதிவிட்டு ஒன்றையும் செய்யாமல் போனது எங்களுக்குப் பல மாதம் நடந்தது. இப்போது ஒரே ஒரு முடிவு. அதை அடுத்த ஸ்பிரின்ட்டில் ஒரு கார்டாகவே போட்டு, பொறுப்பாளரையும் எழுதிவிடுகிறோம்.

அப்புறம், ஸ்டோரி பாயின்ட்டை (ஒரு வேலை எவ்வளவு பெரிது என்று டீமே போடும் மதிப்பெண்) வைத்து இரண்டு டீமை ஒப்பிடாதீர்கள். எங்கள் மேலிடம் ஒப்பிட்டது. சில ஸ்பிரின்ட்டுக்குள் 3 பாயின்ட் வேலையெல்லாம் 5 ஆகிவிட்டது. வேலை அதேதான், எண் மட்டும் ஏறியது. எஸ்டிமேட்டை அதன் பிறகு நாங்களே நம்பவில்லை.

தொடங்கியவரிடம் ஒரு கேள்வி: அவசரமாக ப்ரொடக்ஷன் பக் (பயனாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருப்பதில் பிழை) வந்தால் அந்த எல்லையை என்ன செய்கிறீர்கள்?

தொடங்கியவர்:

நல்ல கேள்வி. அவசரத்துக்கென்று தனியாக ஒரே ஒரு இடம் வைத்திருக்கிறோம். அதில் கார்டு வந்தால் இரண்டு பேர் தங்கள் வேலையை நிறுத்திவிட்டு அதைப் பார்ப்பார்கள், நின்றுபோன கார்டில் சிவப்புக் குறி வைப்போம். இரண்டாவது அவசரம் வந்தால் ப்ராடக்ட் ஓனரைப் போர்டுக்கு அழைத்து, "இதற்காக எதை நிறுத்தட்டும்?" என்று கேட்போம். பல தடவை அவரே போர்டைப் பார்த்துவிட்டு, "சரி, இது நாளைக்கு வரை பொறுக்கும்" என்று சொல்லியிருக்கிறார்.