செவில்ல எந்த ஏரியாவுல ரூம் போடுறது? இன்னைக்கு ராத்திரிக்குள்ள முடிவு பண்ணணும்

கோவை_தம்பி:
வணக்கம். ஸ்பெயின் செவில் ஊர்ல 3 ராத்திரி. அப்பா, அம்மா, நான். சாந்தா குரூஸ்ல கதீட்ரலுக்குப் பக்கத்துலயே ஒரு ரூம் போட்டு வெச்சிருக்கேன். இலவசமா ரத்து பண்ண இன்னைக்குதான் கடைசி நாள். வெச்சுக்கவா, மாத்தவா? பக்கத்துல சாப்பாடு எப்படி? நாங்க வெஜ்.

ஆரஞ்சு_மரம்:
எந்த மாசம்? ரயிலா, விமானமா? பெட்டி எத்தனை? பெரியவங்க படி ஏறுவாங்களா? முட்டை சாப்பிடுவீங்களா? ஜூலை ஆகஸ்ட்னா வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அப்போ முதல்ல ஏசியைப் பார்க்கணும், ஏரியா அப்புறம்தான். தேதி சொல்லாம யாரும் சரியா சொல்ல முடியாது.

ஆத்தங்கரை:
எந்த மாசமா இருந்தாலும் ட்ரியானா, ஆத்துக்கு அந்தப் பக்க ஏரியா. இசபெல் பாலம் இறங்கினதும் வலது கைப்பக்கம் சந்தை, உள்ளேயே சாப்பாட்டுக் கடைகள். சான் ஹசிந்தோ தெருவுல வண்டி வராது, பெரியவங்க நிம்மதியா நடக்கலாம். கதீட்ரல் 20 நிமிஷ நடை. விலையும் சாந்தா குரூஸ் அளவுக்கு இருக்காது.

வரைபடம்:
இதே கேள்வி இங்க பல தடவை வந்தாச்சு, தேடிப் பார்த்துட்டு எழுதியிருக்கலாம். ஊர் பேரையாவது சரியா எழுதுங்க. செவில் வெள்ளைக்காரன் சொல்றது. ஊர்க்காரங்களுக்கு அது செவியா. குரூஸ் இல்ல, குருத்.

நெய்தல்:
குருத் மாட்ரிட் உச்சரிப்பு சார். செவியாக்காரங்க வாயில அது குருஸ்தான். அவர் எழுதினதுல நெடில் மட்டும்தான் தப்பு.

வரைபடம்:
அகராதியில இருக்கிறது குருத். வட்டார வழக்கை வெச்சு வாதாட வேண்டாம்.

நெய்தல்:
அவர் போற ஊரே அந்த வட்டாரம்தானே. டாக்சியில சொல்ல உதவுற ஒண்ணைச் சொல்றேன்: ரயில் நிலையம் சாந்தா ஹுஸ்தா. 'ஜஸ்டா'ன்னு சொன்னா புரியாது.

கோவை_தம்பி:
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். ஏப்ரல் 2, 2026 வியாழன். மாட்ரிட்லேருந்து ரயில், சாயங்காலம் 7:40க்கு இறங்குறோம். 5ஆம் தேதி கிளம்பறோம். பெட்டி 3. அம்மாவுக்கு முட்டி வலி. முட்டை ஓகே.

ஆரஞ்சு_மரம்:
தம்பி, அது பெரிய வியாழன், ஈஸ்டருக்கு முந்தின வியாழன்! சாந்தா குருஸ் ரூமை உடனே ரத்து பண்ணுங்க.

அன்னைக்குச் சாயங்காலம் 7 ஊர்வலம், நள்ளிரவுக்கு மேல விடிய விடிய இன்னும் 6. எல்லாமே கம்பானா, சியெர்ப்பேஸ் தெரு, சான் பிரான்சிஸ்கோ சதுக்கம், கான்ஸ்டிடூசியோன் அவென்யூ வழியா கதீட்ரலுக்குள்ள போகும். அந்தப் பாதை முழுக்க நாற்காலி போட்டு அடைச்சிருப்பாங்க, குறுக்கே தாண்ட சில இடங்கள்தான். பெரிய ஊர்வலம்னா ஒரு முனையைக் கடக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். சாந்தா குருஸ் சந்துகளுக்குள்ள சாதாரண நாள்லயே கார் நுழையாது, முரில்யோ தோட்டத்து ஓரமா இறக்கிவிட்டுட்டுப் போயிடுவாங்க. 7:40க்கு அந்தக் கூட்டத்துல 3 பெட்டியும் முட்டி வலியும் சேர்ந்தா ரூமுக்கே போய்ச் சேர முடியாது. தெருக்கல்லுல மெழுகுவர்த்தி மெழுகு சொட்டிச் சொட்டி வழவழன்னு ஆயிடும். அம்மாவுக்கு ரப்பர் அடி வெச்ச செருப்பு அவசியம்.

நெர்வியோன்ல போடுங்க. நிலையத்துலேருந்து ஒரு கிலோமீட்டர் சுமார், சமதரை. மெட்ரோ முதல் தடத்துல நெர்வியோன் ஏறினா மூணாவது நிறுத்தம் புவெர்த்தா ஹெரேஸ், கதீட்ரலுக்கு நடந்துடலாம். (சாந்தா ஹுஸ்தாவுல மெட்ரோ கிடையாது.) நிலையத்துக்கு மேற்குப் பக்கம் போட வேண்டாம், ஹித்தானோஸ் ஊர்வலம் அந்தப் பக்கத்துலேருந்துதான் கிளம்பும்.

ஆத்தங்கரை:
ட்ரியானாவுல இவ்வளவு நெருக்கடி இருக்காதே? சான் தெல்மோ பாலம் வழியா சுத்திப் போகலாம்.

ஆரஞ்சு_மரம்:
எஸ்பெரான்ஸா தே ட்ரியானா ஊர்வலமே அங்கேருந்துதான் கிளம்பும். ராத்திரி இசபெல் பாலம் தாண்டிப் போய், வெள்ளி மதியம் அதே பாலத்துல திரும்பும். அன்னைக்கே எல் கச்சோர்ரோ ஊர்வலமும் ட்ரியானாவுலேருந்து வரும். மத்த வாரத்துல ட்ரியானா அருமை, நானும் ஒத்துக்கறேன். இந்த மூணு நாளுக்கு வேண்டாம்.

நெய்தல்:
சாப்பாட்டுக்கு வர்றேன். வியாழன், வெள்ளி ரெண்டும் அங்க அரசு விடுமுறை, மளிகைக் கடை பெரும்பாலும் மூடியிருக்கும். பழம், ரொட்டி, தயிர் மாட்ரிட்லயே வாங்கிடுங்க. மதியச் சமையல் 4 மணி வாக்குல முடிஞ்சுடும், ராத்திரி 8, 8:30க்குத்தான் அடுப்பு பத்தும்.

'சின் கார்னே' (இறைச்சி இல்லாம)ன்னு மட்டும் சொன்னா போதாது. பல கடைகள்ல பன்றித் தொடையையும் சூரை மீனையும் கார்னேன்னு நினைக்கவே மாட்டாங்க. 'சின் ஹமோன், சின் அதூன், சின் பெஸ்காதோ' (பன்றித் தொடை, சூரை, மீன் இல்லாம)ன்னு தனித்தனியா சொல்லணும். எஸ்பினாக்காஸ் கோன் கர்பான்ஸோஸ், அதாவது கீரையும் கொண்டைக்கடலையும், சீரகம் போட்டது, நம்ம நாக்குக்கு ஒத்துப்போகும். ஆனா தவக்காலத்துல 'பொத்தாஹே தே விஹிலியா'ன்னும் ஒண்ணு வரும். பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், உள்ள உப்புக்கருவாடு. சல்மொரேஹோங்கிறது கெட்டியான குளிர்ந்த தக்காளி சூப், மேல முட்டையும் ஹமோனும் தூவித் தருவாங்க, ஹமோன் வேண்டாம்னு முன்னாடியே சொல்லுங்க. என்சலாதில்யாங்கிற உருளைக்கிழங்கு சாலட்ல பெரும்பாலும் சூரை மீன் இருக்கும். தேன் ஊத்தின கத்திரிக்காய் வறுவல் வெஜ்தான், ஆனா மீன் பொரிச்ச அதே எண்ணெயா இருக்கலாம், கேட்டுக்கங்க. அளவு தாபா (சின்னத் தட்டு), மேதியா (பாதி), ரசியோன் (முழுத் தட்டு). மூணு பேருக்கு மேதியா ரெண்டு மூணு வகை சொன்னா போதும்.

வரைபடம்:
வெள்ளிக்கிழமை அல்காசர் அரண்மனை மூடியிருக்கும். சனிக்கிழமைக்கு டிக்கெட் இணையத்துல இப்பவே எடுங்க, பாஸ்போர்ட் கையில இருக்கட்டும். கதீட்ரலோட ஹிரால்தா கோபுரத்துக்கு லிஃப்ட் இல்ல. படிக்குப் பதிலா 35 சரிவுகள், கடைசியில மட்டும் கொஞ்சம் படி. அம்மா மெதுவா ஏறலாம்.

கோவை_தம்பி:
நெர்வியோன்ல போட்டாச்சு, லிஃப்ட் இருக்கு. பழசை ரத்து பண்ணிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

ஆரஞ்சு_மரம்:
நல்லது. 5ஆம் தேதி எத்தனை மணிக்கு ரயில்? அல்காசர் சனிக்கிழமைக்குக் கிடைச்சுதா?