பிரிந்த பிறகு வந்த வருத்தம்: திருகோணமலைக் குடும்பங்களின் அனுபவங்கள்

பாலையூற்று மாமி:

விவாகரத்துக்குப் பிறகு பெரிய வருத்தம் (நோய்) ஒன்று வந்தால் குடும்பம் திரும்பச் சேருமா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் குடும்பம் திரும்ப எழும்பியது. அண்ணாவும் அவருடைய மனைவியாக இருந்த மச்சாளும் சேரவில்லை. இரண்டும் வேறு வேறு என்று சொந்தக்காரருக்கு விளங்கப்படுத்தவே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்று எழுதப் போவதில்லை, அது அவர்கள் பாடு. பிரிந்த விதத்தைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் நாட்டுப் பொதுச் சட்டத்தில் ‘இரண்டு பேருக்கும் சரிவரவில்லை’ என்று சொல்லி விவாகரத்து எடுக்க முடியாது. வேறொருவரோடு தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, கல்யாணத்தின்போதே இருந்த, தாம்பத்தியத்துக்கு இயலாத தீராத குறை, இந்த மூன்றில் ஒன்றை மாவட்ட நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். யாராவது ஒருவர் குற்றவாளி ஆகியே தீர வேண்டும். ஆகவே அண்ணா கைவிட்டுப் போனதாக எழுதினார்கள். அண்ணா எதிர்க்கவில்லை. முதல் தீர்ப்பு வந்து, 3 மாதம் கழிந்து, 2020இல் அது முற்றானது.

அண்ணாவின் பைக்குள் இருந்த அந்தக் கடதாசியை அம்மா எடுத்து வாசித்துவிட்டார். “என்ர பிள்ளை விட்டுட்டு ஓடினவனோ?” வீடு மச்சாளின் சீதன வீடு, எங்கள் பக்கத்து வழக்கமே அதுதான். வெளியே வந்தது அண்ணா, ஒரு பயணப் பையோடு. அப்படி வந்தவனை ஓடினவன் என்று எழுதிவிட்டார்களே என்று அம்மாவுக்கு ஆறவில்லை. பிரிவு செய்ததைவிட அந்தக் கடதாசி செய்த கெடுதல்தான் அதிகம் என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு அம்மா அந்தத் தெருவாலேயே போவதில்லை.

2022 தொடக்கத்தில் மச்சாள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போனபோது மார்பில் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பரிசோதனை, சத்திரசிகிச்சை என்று கொஞ்ச மாதங்கள் ஓடின. அடுத்து 21 நாளுக்கு ஒருமுறை புற்றுநோய்க்குக் கீமோ. அதற்கு மட்டக்களப்புக்குப் போக வேண்டும்.

அந்த வருடம் எரிபொருள் தட்டுப்பாட்டில் நாடு இருந்த நிலைமை எல்லோருக்கும் தெரியும். அண்ணா ஓட்டோ ஓடுகிறவர். பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல். மட்டக்களப்பு ஒரு வழிக்கு 130 கிலோமீற்றர் அளவில். போய்வர ஓட்டோ குடிப்பது 10 லீற்றர் அளவில். அதாவது கீமோவுக்கு முந்திய இரண்டு வாரப் பெற்றோலையும் அப்படியே வைத்திருக்க வேண்டும், ஒரு ஹயர்கூட ஓடாமல். அண்ணா அதைச் செய்தார். யாரும் கேட்கவில்லை. கீமோ நாள் விடியப்புறம் படலையில் ஓட்டோ நிற்கும், பின்னால் மச்சாளோடு நான் இருப்பேன். கிண்ணியாப் பாலம், மூதூர், வெருகல், வாகரை என்று வழி முழுக்க அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். அந்தப் பாலங்கள் வருவதற்கு முந்திய காலத்தில், பாதைக்கு (வாகனங்களை ஏற்றிக் கடக்கும் படகுக்கு) காத்திருந்து காத்திருந்து போன நாட்களில் இந்த வருத்தம் வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

முதல் கீமோவுக்குப் பிறகுதான் அம்மா போனார். சொல்லிவிட்டுப் போகவில்லை. கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு படலைக்கு வெளியே நின்றிருக்கிறார். மச்சாள் கதவைத் திறந்து பார்த்து, “உள்ளுக்கு வாங்கோ மாமி” என்றாராம். அம்மா, “இல்லைப் பிள்ளை, இதை மட்டும் பிடி” என்று பெட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார். அடுத்த முறை விறாந்தை மட்டும். அதற்கடுத்த முறை குசினிக்குள்ளேயே போய்விட்டார்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது மீன் குழம்பு. மச்சாளால் அந்த மணத்தைக் கிட்டவும் எடுக்க முடியவில்லை. கீமோ எடுத்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும், நேற்று வரைக்கும் பிடித்த சாப்பாடே குமட்டும். வாயெல்லாம் புண், உறைப்புப் படவே கூடாது. கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்தவள் மாதக்கணக்கில் மீனைத் தொடவில்லை. பிள்ளைகள் இரண்டுக்கும் மீன் இல்லாமல் சோறு இறங்காது. அதற்கு அம்மா கிணற்றடிக்கு அப்பால் மூன்று கல் வைத்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, பிள்ளைகளுக்கு மீனை அங்கே சமைத்தார். மச்சாளுக்கு மிளகாய் போடாத சொதியும், நன்றாகக் குழைந்த சோறும் உள்ளே. “என்ன மாமி, ரெண்டு அடுப்பு எரிக்கிறீங்க” என்று மச்சாள் கேட்டால், “உன்ர வீட்டில விறகு மிச்சமாக் கிடக்கு” என்பார். அவர்களுக்குள் மன்னிப்பு என்று எதுவும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்தக் கடதாசியைப் பற்றி இன்றைக்கு வரைக்கும் பேசினதில்லை.

இதைக் கண்டதும் சனத்துக்கு வாய் திறந்துவிட்டது. பெரியப்பா ஒருவர், கோயிலில் காணும் இரண்டு மூன்று பேர், எல்லோரும் ஒரே பாட்டு: இப்பவாவது ஒன்றாகுங்கோ, பிள்ளைகளைப் பாருங்கோ. ஒருநாள் பெரியப்பா நேரே வீட்டுக்கே போய்ச் சொன்னார். மொட்டைத் தலையில் துணி கட்டியிருந்த மச்சாள் கதிரையில் சாய்ந்தபடியே சொன்ன பதில் இதுதான்: “வருத்தம் மாறினாப் பிறகும் அதே ஆளோடதானே பெரியப்பா இருக்க வேணும்?” அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டார். அண்ணாவிடம் கேட்டாலும் பதில் அதேதான், இவ்வளவு வடிவாகச் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

பிள்ளைகளைத் தூதுவிடும் பழக்கத்தை மச்சாள்தான் நிறுத்தினார். ‘அப்பாவிட்ட ரியூசன் காசு கேள்’, ‘அம்மாவிட்டச் சொல்லு’ என்று சின்னவள்தான் அலைந்துகொண்டிருந்தாள். அதற்குப் பதில் ஒரு கொப்பி வந்தது. கிளினிக் திகதி, பள்ளிக்கூடக் கூட்டம், யார் என்ன கட்டினது, எல்லாம் அதில் எழுதி ஓட்டோவின் முன்பெட்டியில் கிடக்கும். ஹயர் குறைந்த மாதங்களில் பிள்ளைகளின் செலவுக்கான தாபரிப்புக் காசை அண்ணாவால் முழுதாகக் கட்ட முடியவில்லை. ‘இந்த மாதம் பாதி’ என்று அண்ணா எழுதினால், கீழே மச்சாள் ‘சரி’ என்று எழுதுவார். இதைப் பார்த்து யாரும் அப்படியே செய்ய வேண்டாம். தாபரிப்பு பிள்ளைகளின் உரிமை, 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலுவைக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். எதிரே இருப்பது எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்தபடியால்தான் மச்சாள் விட்டுப்பிடித்தார்.

கீமோ, ரேடியேஷன் எல்லாம் 2023இல் முடிந்தது. இப்போது தினம் ஒரு குளிசை, கிளினிக். ஆனால் கை பழைய கை இல்லை. அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளை எடுத்ததால் அந்தப் பக்கக் கையில் பாரம் தூக்கக் கூடாது, கிணற்றில் அள்ளக் கூடாது, வீங்கிவிடும். விரல் நுனிகள் இன்னும் மரத்துத்தான் இருக்கின்றன. தையல்தான் அவருடைய தொழில், ஜனவரியில் பள்ளிச் சீருடை தைத்தே வருடத்துக்குப் பாதி உழைத்துவிடுவார். இப்போது ஊசியில் நூல் கோர்க்கவே வராது. அதனால் வெட்டுவது மட்டும் அவர், தைப்பதற்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை. வருமானம் இரண்டாகப் பிரிகிறது, வேறு வழியில்லை. கிணற்றுக்கு மோட்டரை அண்ணா பூட்டிக் கொடுத்தார். கொப்பியில் அதற்கும் ஒரு வரி இருக்கிறது.

போன வருடம் சின்னவள் பெரியபிள்ளை ஆனாள். பெரிய சிக்கல் அப்போதுதான் வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். முதல் தண்ணி வார்க்க வேண்டியது மாமிமார். தாய்மாமன் பெண்சாதி ஒருத்தி, தகப்பன் பக்கம் நான். விவாகரத்தான பிறகு நான் மாமியா இல்லையா என்று ஒரு கிழவி கேட்டே விட்டார். பிள்ளை, “மாமி வராட்டி நான் குளிக்க மாட்டேன்” என்று உள்ளே இருந்து கத்தினாள், அத்தோடு அந்தக் கதை முடிந்தது. அடுத்தது அழைப்பிதழ். அதில் தகப்பன் பெயர் போடுவதா? போட்டால் சனம் ஒன்றாகிவிட்டார்கள் என்று நினைக்குமே. மச்சாள் அச்சகத்துக்குப் போன் எடுத்து இரண்டு பெயரையும் இரண்டு வரியில் போடச் சொன்னார், நடுவில் ‘தம்பதிகளின்’ என்று வராமல். அச்சகத்தில் விளங்காமல் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம்.

கிண்ணியாவிலிருந்து:

எங்கட ராத்தாவின் (அக்காவின்) கதை மறுபக்கம். முஸ்லிம்களுக்கான காதி நீதிமன்றத்தில் பிரிந்து, இத்தா (பிரிந்த பெண் காத்திருக்க வேண்டிய காலம்) முடிந்து, அவ பாட்டுக்கு இருந்தா. மச்சான் மறுமணம் முடித்தார். பிறகு சீனி வருத்தம் முற்றி அவருக்கு இரண்டு கிட்னியும் போயிற்று. கிழமைக்கு மூன்று தரம் டயாலிசிஸ், ஒவ்வொரு தரமும் நாலு மணித்தியாலம். இரண்டாவது மனைவி சின்னப்பிள்ளை, பாவம், எதைச் சமைப்பது என்றே தெரியாது.

ராத்தா எங்கட உம்மாவின் கிட்னி வருத்தத்தைப் பார்த்தவ. அவதான் போன் எடுத்து அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தா: மரக்கறியைச் சின்னதாக வெட்டி நிறையத் தண்ணியில் அவித்து அந்தத் தண்ணியை ஊற்றிவிடு, பொட்டாசியம் குறையும், உப்பைக் குறை, தண்ணியை அளந்து கொடு. பெரிய தொல்லை இளநீர்தான். எங்கட ஊரில் நோயாளியைப் பார்க்கப் போனால் இளநீர்க் குலையோடுதான் போவார்கள். கிட்னி போனவருக்கு அது விசம் மாதிரி, பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடும். ராத்தாவின் மகன் வாப்பாவின் வீட்டு வாசலில் கதிரை போட்டு இருந்து, வருகிற இளநீரையெல்லாம் வாங்கிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். ‘மகனுக்கு வியாபாரம் நல்லமா?’ என்று பகிடி வேறு.

ராத்தா ஒருநாளும் அந்த வீட்டுக்குப் போகவில்லை. போனில் மட்டும்தான்.

தாதி ஒருத்தி, உப்புவெளி:

பாலையூற்று அக்கா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். பிரிந்து தனியே இருக்கிற கீமோ நோயாளிகளிடம் நான் முதலில் கேட்பது, “இரவில் காய்ச்சல் வந்தால் யாரை எழுப்புவீங்க?” என்றுதான். பல பேருக்குப் பதில் இருக்காது. கீமோவுக்குப் பிறகு வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் 38 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்தால், பனடோல் போட்டு விடியும்வரை பார்ப்போம் என்று இருக்கவே கூடாது. உடனே வைத்தியசாலைக்கு வர வேண்டும். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. வீட்டில் ஒரு வெப்பமானி இருக்கட்டும், அதைப் பார்க்கத் தெரிந்த பிள்ளை ஒன்றும் இருக்கட்டும். பத்து வயதுப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கலாம்.

சல்லியிலிருந்து ஒரு தங்கச்சி:

எல்லா மாமியும் சாப்பாட்டுப் பெட்டியோடு வருவதில்லை அக்கா. எனக்கு வருத்தம் வந்த பிறகுதான் அவர் போனார். அவர் ஆட்கள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வழக்குப் போடக் காசில்லாமல் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போனேன், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேசுவார்கள், தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். என்னோடு இருப்பது மூதூரில் இருந்து வந்த சின்னம்மா. கல்யாணம் கட்டாதவ, அறுபது தாண்டியவ. அவ, நான், மகன். குடும்பப் பதிவிலும் நாங்கள்தான் குடும்பம். இதையும் குடும்பம் எழும்பியதாகக் கணக்கெடுங்கள்.

பாலையூற்று மாமி:

தங்கச்சி, கட்டாயம். சின்னம்மாவுக்கு என் வணக்கம். மருந்துக் குளிசை எங்கேயாவது கிடைக்காவிட்டால் இங்கேயே எழுதுங்கோ, மச்சாளிடம் கேட்டுச் சொல்கிறேன், எந்தப் பாமசியில் எப்போது வரும் என்று அவருக்கு மனப்பாடம்.

தாதிப் பிள்ளைக்கு: எங்கள் வீட்டில் வெப்பமானி பார்த்தது பெரியவன். ஒருநாள் இரவு 38.6. அவன் முதலில் போன் எடுத்தது அண்ணாவுக்குத்தான். அண்ணா வந்து, பிரிந்த பிறகு முதல் தடவையாக வீட்டுக்குள் போனார், சேர்ந்து பிடித்து ஓட்டோவில் ஏற்றினார்கள். கேட்கிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இல்லை, அதற்குப் பிறகும் படலையில்தான் ஹோன் அடிக்கிறார்.